உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் பாடுறது 5 கட்டை சுருதியில்! கேட்ட இசையில் இருந்து சொந்த ஒலியைக் கண்டுபிடிக்க ஒரு கைடு

ராத்திரி 11 மணி. வீட்டில் எல்லாரும் தூங்கியாச்சு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மொபைலில் ஒரு மியூசிக் ஆப்பைத் திறக்கிறீர்கள். ரெடியாக இருக்கும் ட்ரம் லூப் ஒன்று, பியானோ லூப் ஒன்று, மேலே கொஞ்சம் எக்கோ. பத்தே நிமிடத்தில் ஒரு ட்ராக் ரெடி. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், மறுநாள் காலையில் போட்டுக் கேட்டால் ஏதோ ஒரு யூடியூப் வீடியோவின் பின்னணி இசை மாதிரி இருக்கிறது. செய்தது நீங்கள்தான். ஆனாலும், அது உங்களுடையது மாதிரி இல்லை.

பொழுதுபோக்காக ஒலியோடு விளையாடுகிற பலர் சலித்துப்போய் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். 'நல்ல மைக் வாங்கணும், கீபோர்டு வாங்கணும்' என்று மனசு சொல்லும். பெரும்பாலும் குறை கருவியில் இல்லை. கோயில் நாகஸ்வரம், டவுன் பஸ்ஸில் கேட்ட பாட்டு, திருவிழாப் பறை, ஹெட்போனில் ஹிப்ஹாப், கே-பாப் என்று நம் காதுக்குள் ஏற்கெனவே ஒரு பெரிய சந்தையே இருக்கிறது. அதில் இருந்து எதை எடுப்பது, எப்படி எடுப்பது என்பதுதான் கேள்வி. உலகத்தில் புதுசாக ஒலி செய்தவர்கள் இதற்கு என்ன பதில் கண்டார்கள், அதை நம் வீட்டில் எப்படிச் செய்து பார்ப்பது என்று பார்க்கலாம்.

சத்தம் எப்போது இசை ஆச்சு?

1913-ல் இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ ஓர் அறிக்கை எழுதினார். 'இயந்திரங்கள் வந்த பிறகு நம் காது மாறிவிட்டது. இனி இசைக்கு வயலினும் பியானோவும் மட்டும் போதாது, சத்தங்களும் வேண்டும்' என்பது அதன் சாரம். சொன்னதோடு நிற்காமல், உறுமுவதற்கும் சீறுவதற்கும் தனித்தனிப் பெட்டிக் கருவிகளைச் செய்து மேடையும் ஏற்றினார்.

அடுத்த பெரிய திருப்பம் 1948-ல் பாரிஸில் நடந்தது. பியர் ஷெஃபர் வானொலியில் வேலை பார்த்த இன்ஜினீயர். ரயில் ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து, வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவைத்து, வேகத்தை மாற்றி ஓர் இசைத் துண்டாக ஆக்கினார். அதில் எந்த வாத்தியமும் கிடையாது. ரயில் மட்டும்தான். இன்று ஆப்பில் ஒரு சத்தத்தை 'சாம்பிள்' எடுத்து லூப் போடுகிறோமே, அதன் தாத்தா இவர்தான்.

1952-ல் அமெரிக்காவின் ஜான் கேஜ் இன்னும் ஒரு படி போனார். பியானோ கலைஞர் மேடையில் வந்து உட்கார்ந்து 4 நிமிடம் 33 விநாடி எதையும் வாசிக்காமல் இருப்பார். அவ்வளவு நேரமும் அரங்கத்தில் கேட்கும் இருமல், காற்று, மழைத்துளி எல்லாம்தான் இசை. முதல்முறை அப்படி உட்கார்ந்தவர் டேவிட் டியூடர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இவர் நம் ஊர்ப் பக்கம் வரப்போகிறார்.

மெட்டை எடுக்காதீங்க, முறையை எடுங்க!

ஒரு பாட்டு ரொம்பப் பிடித்துப்போனால் அதே மாதிரி ஒன்று செய்துபார்க்கத் தோன்றுவது இயல்பு. அப்படிச் செய்தால் கிடைப்பது அந்தப் பாட்டின் சுமாரான நகல். ஒலியில் புதுசு செய்தவர்களின் கதையைப் பார்த்தால், அவர்கள் இன்னொரு இசையில் இருந்து எடுத்தது பெரும்பாலும் மெட்டு அல்ல. அந்த இசை எப்படி வேலை செய்கிறது என்கிற முறை.

1889-ல் பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் க்ளோட் டெபுஸ்ஸி முதன்முறையாக ஜாவா தீவின் கேமலான் இசையைக் கேட்டார். மணிகளும் உலோகத் தட்டுகளும் அடுக்கடுக்காக ஒலிக்கிற கூட்டு இசை அது. அவர் அதன் பாடலைக் காப்பியடிக்கவில்லை. பல அடுக்குகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேகத்தில் நகரலாம், மணியொலி தேய்ந்து மறையும் விதமே ஓர் அழகு என்பதைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் எழுதிய பியானோ இசையில் இதன் சாயல் தெரியும்.

இந்தியாவில் இருந்து போன ஒரு கதையும் இருக்கிறது. அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் பக்காவஜ் வாசிப்பவர். 1946-ல் அவர் நியூயார்க் போனபோது, மேற்கத்திய இசையை ஜான் கேஜிடம் கற்றுக்கொண்டார். பதிலுக்கு கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லித்தந்தார். மனதை அமைதிப்படுத்துவதுதான் இசையின் வேலை என்ற எண்ணம் கேஜுக்கு இவர் வழியாகத்தான் போனது. 'ஒன்றும் வாசிக்காத' அந்த இசைக்குப் பின்னால் இப்படி ஒரு பாக்காவஜ் கலைஞரின் நட்பும் இருக்கிறது!

அந்த நட்பு திரும்பி வந்தது 1969-ல். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் ஒரு மூக் சின்தசைசரை வைத்து எலெக்ட்ரானிக் இசை ஸ்டூடியோ அமைத்தார். இந்தியர்கள் சிலர் அங்கே சில ஆண்டுகள் ஒலியோடு விளையாடினார்கள். பிறகு அந்த டேப்புகள் அலமாரியில் தூங்கின. பல ஆண்டுகள் கழித்துத் தேடி எடுக்கப்பட்டு, 2023-ல் ஆல்பமாக வெளிவந்தன. 'எக்ஸ்பெரிமென்டல் மியூசிக் எல்லாம் ஃபாரின் சமாச்சாரம்' என்று யாராவது சொன்னால், இதை எடுத்துக் காட்டலாம்.

தோற்றுப்போன ஆல்பம்... 28 வருஷம் கழிச்சு கொண்டாட்டம்!

சரண்ஜித் சிங் பாலிவுட் பாட்டுகளுக்கு வாசித்த மும்பை இசைக்கலைஞர். 1982-ல் ரோலண்ட் நிறுவனத்தின் புது மெஷின்கள் அவர் கைக்கு வந்தன. டி.பி.-303 என்ற பேஸ் மெஷின், டி.ஆர்.-808 என்ற ட்ரம் மெஷின், ஜூபிட்டர்-8 என்ற கீபோர்டு. அவற்றை வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பம் போட்டார்.

அந்த 303 மெஷினில் ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிற வசதி உண்டு. மேற்கில் பலருக்கு இது என்னவோ வித்தியாசமாகத் தெரிந்தது. ராகம் வாசித்துப் பழகிய கைக்கு அது இயல்பான நகர்வு. ஆல்பம் விற்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1987-ல் அமெரிக்காவின் சிகாகோவில் அதே 303 மெஷினின் ஒலியோடு 'ஆசிட் ஹவுஸ்' என்ற புது வகை நடன இசை வெளியானது. 2010-ல் சிங்கின் ஆல்பம் மறுபடி வெளியானபோது உலகமே ஆச்சர்யப்பட்டது, 'இந்த ஒலி மும்பையில் 1982-லேயே இருந்ததா?' என்று.

அவர் ஆசிட் ஹவுஸ் செய்யப் புறப்படவில்லை. தனக்குத் தெரிந்த ராகத்தை, தனக்குத் தெரியாத மெஷினில் போட்டுப் பார்த்தார். அவ்வளவுதான். தெரிந்த ஒன்றும் தெரியாத ஒன்றும் உரசும் இடத்தில் புது ஒலி பிறக்கிறது. இது ஓர் எளிய ஃபார்முலா. நாமும் செய்து பார்க்கலாம்.

இசை மட்டும்தான் இன்ஸ்பிரேஷனா?

இல்லவே இல்லை. பி.பி.சி-யின் 'டாக்டர் ஹூ' தொடரின் தீம் இசையை ரான் கிரெய்னர் எழுதினார். 1963-ல் அதை ஒலியாக்கியவர் டெலியா டெர்பிஷைர். சின்தசைசர் பரவலாக இல்லாத காலம். மீட்டிய ஒரு தந்தியின் ஒலியையும், சோதனைக் கருவிகளின் மின் ஒலியையும் டேப்பில் பதிந்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனியாக டேப்பை வெட்டி ஒட்டிச் செய்தார்.

இந்தக் காது அவருக்கு எங்கே இருந்து வந்தது? இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த காவன்ட்ரி நகரத்தில் வளர்ந்தவர் அவர். சின்ன வயதில் கேட்ட விமானத் தாக்குதல் சைரன்தான் தன் எலெக்ட்ரானிக் இசைக்கு வேர் என்று பின்னாளில் சொன்னார். பிரெஸ்டன் நகரத்தில் காலையில் மில்லுக்குப் போகிறவர்களின் மரச்செருப்புகள் கல் பாவிய தெருவில் எழுப்பிய சத்தத்தையும் அவர் நினைவுகூர்ந்ததுண்டு.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். தறி ஓடும் ஊரா? தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடா? ஐஸ் வண்டி மணியா? கேட்டதும் ஓர் ஊரும் ஒரு வயசும் ஞாபகத்துக்கு வருகிற சத்தம் எதுவோ, அது எந்த லூப் பேக்கிலும் கிடைக்காது. அதுதான் உங்கள் சொத்து.

எந்த இசையில் இருந்து என்ன எடுக்கலாம்?

*கர்னாடக இசை: எண்ணிக்கை.* கொன்னக்கோல் தெரிந்தவர்களுக்கு இது ஈஸி. 'தக தகிட' என்றால் 5. 'தகிட தகதிமி' என்றால் 7. 'தகதிமி தகஜொணு' என்றால் 8. இப்போது 5 தட்டு நீளமுள்ள ஒரு லூப், 8 தட்டு நீளமுள்ள ஒரு லூப் இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். 40 தட்டு கழித்துத்தான் இரண்டும் மறுபடி ஒன்றாக ஆரம்பிக்கும். கூடவே 7 தட்டு லூப் ஒன்றையும் சேர்த்தால் 280 தட்டு. விநாடிக்கு ஒரு தட்டு என்றால், மூன்றே மூன்று சின்ன லூப்பை வைத்து 4 நிமிடம் 40 விநாடிக்கு ஒருமுறைகூட ஒரே மாதிரி வராத இசை கிடைக்கும்.

*ஆம்பியன்ட்: விட்டுவிடுவது.* இதே கணக்கை வேறு வழியில் பிடித்தவர் பிரையன் ஈனோ. விமான நிலையங்களுக்காக 1978-ல் அவர் வெளியிட்ட ஆல்பத்தில், பாடும் குரல்களின் டேப் லூப்கள் வெவ்வேறு நீளத்தில் சுழலும். ஒன்று 23½ விநாடி, இன்னொன்று கிட்டத்தட்ட 26, மற்றொன்று கிட்டத்தட்ட 30. எப்போது எது சந்திக்கும் என்று அவர் திட்டமிடவில்லை. ஓடவிட்டு, காத்திருந்து, வருவதைக் கேட்டார்.

*மினிமலிசம்: நழுவல்.* 1965-ல் ஸ்டீவ் ரைஷ் ஒரு தெருப் பிரசங்கியின் குரலை எடுத்து, ஒரே லூப்பை இரண்டு டேப் மெஷின்களில் ஓடவிட்டார். மெஷின்களின் வேகத்தில் நூலளவு வித்தியாசம் இருந்ததால் இரண்டும் மெதுவாக விலக ஆரம்பித்தன. அந்தப் பிசகையே இசையாக்கிவிட்டார். ஆப்பில் ஒரே லூப்பை இரண்டு ட்ராக்கில் வைத்து, ஒன்றை மட்டும் ஒரு துளி நீளமாக்கினால் போதும்.

*ஜமைக்காவின் டப்: எடுத்துவிடுவது.* கிங் டப்பி ஓர் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக். ஏற்கெனவே பதிவான பாட்டில் இருந்து குரலை எடுத்துவிட்டு, ட்ரம்மையும் பேஸையும் முன்னால் கொண்டுவந்து, எக்கோவைத் தூவினார். மிக்ஸிங் மேஜையே அவருடைய வாத்தியம். உங்கள் ட்ராக் கசகசவென்று இருந்தால் புதுசாக எதையும் சேர்க்காதீர்கள். பாதியை மியூட் செய்துவிட்டுக் கேளுங்கள்.

*ஹிப்ஹாப்: பிடிச்ச இடத்தை நீட்டுவது.* 1973-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டி.ஜே கூல் ஹெர்க், பாட்டில் ட்ரம் மட்டும் வரும் சில விநாடிகளில்தான் கூட்டம் அதிகமாக ஆடுகிறது என்று கவனித்தார். ஒரே ரெக்கார்டு இரண்டு காப்பி வைத்து, அந்தச் சில விநாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு நீட்டினார்.

*பறை, உறுமி: பொருளைத் தெரிந்துகொள்வது.* பறையை நெருப்பில் காட்டித்தான் அடிப்பார்கள். சூட்டில் தோல் இறுகி ஒலி கூர்மையாகும். நீளமான மெல்லிய குச்சி ஒரு ஒலி, குட்டையான தடித்த குச்சி வேறொரு ஒலி. உறுமியிலோ ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அதனால்தான் அந்த முனகல். பாடம் என்ன? ஒரு பொருளைத் தட்டினால் ஒரு ஒலி. தேய்த்தால், சூடாக்கினால், குச்சியை மாற்றினால் அதே பொருள் இன்னொரு வாத்தியம்.

*சினிமா இசை: பக்கத்தில் வைப்பது.* நம்மில் பலருக்கு முதல் இசைப் பள்ளி சினிமாதான். 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தில் இளையராஜா கர்னாடக இசையையும் பாக்கின் மேற்கத்திய இசையையும் ஒரே வீட்டில் உட்கார வைத்தார். ஒன்றை இன்னொன்றாக மாற்றாமல், இரண்டையும் பேசவிடுவது ஒரு கலை. உங்களுக்குப் பிடித்த இரண்டு துருவங்களை எடுத்து அப்படிப் பேசவிட்டுப் பாருங்கள்.

சரி, வீட்டில் எங்கே ஆரம்பிக்க?

ஃப்ரிட்ஜில் இருந்து ஆரம்பிக்கலாம். இந்தியாவில் வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலையடிக்கிறது. அதனால் டிரான்ஸ்ஃபார்மர், சோக், சில மோட்டார்கள் எல்லாம் சுமார் 100 ஹெர்ட்ஸில் ரீங்காரம் போடும். கீபோர்டில் 'ஜி' ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். நம் ஊர்க் கணக்கில் அது 5 கட்டை. ஆக, உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் 5 கட்டைக்குக் கொஞ்சம் மேலே சுருதி பிடித்துக்கொண்டு இருக்கின்றன. அமெரிக்காவில் 60 முறை. அங்கே இதே ரீங்காரம் 6½ கட்டைக்கும் 7 கட்டைக்கும் நடுவே நிற்கும். ஊருக்கு ஊர் சுருதியே வேறு!

இலவச தம்புரா கிடைத்தாச்சு. அடுத்து பதிவு.

மொபைலை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் வாட்ஸ்அப் சத்தம் வராது. ரெக்கார்டர் ஆப்பின் செட்டிங்கில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' இருந்தால் அணைத்துவிடுங்கள். பேச்சைத் தெளிவாக்க வந்த வசதி அது. நீங்கள் தேடுகிற ரீங்காரத்தையே குப்பை என்று நினைத்து அழித்துவிடும். 'வேவ்' ஃபார்மட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒலி அளவு காட்டும் கோடு சிவப்பைத் தொட்டால் மொபைலைத் தள்ளி வையுங்கள். ஒலி உடைந்து பதிவானால் பிறகு சரிசெய்வது கஷ்டம். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் 10 விநாடி சும்மா விடுங்கள். அறையின் வெறும் சத்தம் எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும்.

சமையலறையில் ஒரு பரிசோதனை. எவர்சில்வர் கிண்ணத்தில் கால்வாசி தண்ணீர் ஊற்றி, விளிம்பில் ஸ்பூனால் தட்டிவிட்டு, கிண்ணத்தைச் சாய்த்து ஆட்டுங்கள். ஒலி வளைந்து நெளியும். தண்ணீர் கூடக் கூட ஸ்வரம் கீழே இறங்கும். ஜலதரங்கம் வேலை செய்வதும் இப்படித்தான்.

இன்னும் ஆர்வம் இருந்தால் ஒரு 'பீசோ' டிஸ்க் வாங்குங்கள். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைகளுக்குள் இருக்குமே, அந்த வட்டத் தகடு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதில் ஒரு ஒயர், ஜாக் சால்டர் செய்தால் காண்டாக்ட் மைக் ரெடி. இது காற்றில் வரும் ஒலியைவிட, ஒட்டிய பொருளின் அதிர்வைத்தான் அதிகம் பிடிக்கும். ஜன்னல் கம்பி, சைக்கிள் ஸ்போக்ஸ், கதவு ஆகியவற்றுக்குள் இருக்கும் ஒலியைக் கேட்டால் அசந்துபோவீர்கள்.

எடிட்டிங்குக்கு கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி, மொபைலில் பேண்ட்லேப் இரண்டும் இலவசம். ஐபோனில் கராஜ்பேண்ட். முதலில் மூன்றே வித்தைகள் போதும். வேகத்தைப் பாதியாக்குங்கள், ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், குக்கர் விசில் கப்பல் ஹார்ன் ஆகும். தலைகீழாகத் திருப்புங்கள். ஒரு சின்னத் துண்டை வெட்டி லூப் போடுங்கள். ஷெஃபரிடம் இருந்த முக்கியமான வித்தைகளும் இவைதான்.

ஒரு வாரப் பயிற்சி

முதல் நாள், காதில் தங்கிய பத்து ஒலிகளை எழுதுங்கள். ஐந்து இசை, ஐந்து இசையல்லாத சத்தம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'இதில் எனக்கு என்ன பிடிக்கும்?' என்று ஒரே வரி. 'செம பாட்டு' என்று எழுதாதீர்கள். 'இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எல்லாம் நின்றுவிட்டு குரல் மட்டும் வருவது' என்று எழுதுங்கள். முறை என்பது அந்த வரியில்தான் இருக்கிறது.

இரண்டாம், மூன்றாம் நாள் வீட்டையும் தெருவையும் பதிவு செய்யுங்கள். ஆளுக்கு ஐந்து விநாடி போதும். நான்காம் நாள் பட்டியலில் இருந்து இரண்டு முறைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, டப்பின் 'எடுத்துவிடுவது', கொன்னக்கோலின் '5-க்கு 8'. ஐந்தாம் நாள் உங்கள் பதிவுகளை மட்டும் வைத்து அந்த இரண்டு முறைகளில் ஒரு 2 நிமிடத் துண்டு. ஆறாம் நாள் தொடவே தொடாதீர்கள். ஏழாம் நாள் கேட்டு, பிடிக்காத ஒன்றை நீக்கி, பெயர் வைத்து முடித்துவிடுங்கள்.

முடிப்பது முக்கியம். பாதியில் நிற்கும் 40 ஃபைலைவிட, சுமாராக முடிந்த 4 துண்டுகள் அதிகம் கற்றுத்தரும்.

அந்த 7 விநாடி யாருடையது?

இவ்வளவு நேரம் 'எடுங்க, எடுங்க' என்று சொன்னோம். எதை எடுக்கக் கூடாது என்பதையும் பேசியாக வேண்டும்.

1969-ல் அமெரிக்காவின் 'தி வின்ஸ்டன்ஸ்' குழு ஒரு பாட்டைப் பதிவு செய்தது. அதன் நடுவே ட்ரம்மர் கிரிகோரி கோல்மன் சுமார் 7 விநாடி தனியாக வாசிக்கிறார். அந்த 7 விநாடிதான் உலகத்திலேயே அதிகம் சாம்பிள் எடுக்கப்பட்ட ட்ரம் துண்டுகளில் ஒன்று. ஹிப்ஹாப், ஜங்கிள், ட்ரம் அண்ட் பேஸ் என்று ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது இருக்கிறது. ஜங்கிள் இசை என்ற வகையே அதன் மேல்தான் நிற்கிறது. கோல்மனுக்கு அதில் இருந்து ராயல்ட்டி எதுவும் வரவில்லை. 2006-ல் வறுமையில் இறந்துபோனார். 2015-ல் இசை ரசிகர்கள் இணையத்தில் நிதி திரட்டி, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குச் சுமார் 24,000 பவுண்டு கொடுத்தார்கள். ட்ரம் வாசித்தவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

முறையை எடுப்பதும் பதிவை எடுப்பதும் வேறு வேறு என்று சொல்வது இதனால்தான். 5-க்கு 8 என்ற கணக்கு எல்லாருக்கும் சொந்தம். ராகமும் அப்படியே. ஆனால், ஒருவர் வாசித்துப் பதிவான ஒலி அவர்களுடையது. 'சில விநாடிக்குள் எடுத்தால் காப்பிரைட் வராது' என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. 1957-ம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கு ஏதும் இல்லை. ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் உரிமை உண்டு. இசையமைத்தவருக்கும் பாட்டு எழுதியவருக்கும் அவர்களின் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் தனி உரிமை. பிறருடைய ஒலி வேண்டும் என்றால் ஃப்ரீசவுண்ட் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு கிடைக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் நிபந்தனை வேறு; படித்துவிட்டு, கேட்கும் இடத்தில் பெயரையும் குறிப்பிடுங்கள்.

சட்டம் பேசாத இடங்களும் உண்டு. ஒரு சாவு வீட்டில் பாட்டி ஒப்பாரி வைக்கிறார். கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. மொபைல் பாக்கெட்டில் இருக்கிறது. ரெக்கார்டு பட்டனை அமுக்கலாமா? அந்தக் குரல் உங்களுக்கு 'டெக்ஸ்ச்சர்'. அவருக்கு அது துக்கம். பறை வாசிப்பவர்களின் கதையும் அப்படித்தான். அந்த ஒலியை மேடைகளும் சினிமாவும் கொண்டாடும் காலத்திலும், அதை வாசித்ததாலேயே அவமானப்படுத்தப்பட்டவர்கள் அவர்கள். பதிவு செய்யும் முன் கேளுங்கள். எங்கே பயன்படுத்தப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். முடித்ததை அவர்களிடம் போட்டுக் காட்டுங்கள். பணம் வந்தால் பங்கு கொடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட முறை எப்படியும் உங்களோடு வரும்.

காது பத்திரம்!

ராத்திரி ஹெட்போனில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் கூடினால் நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. எடிட்டிங்கில் ஒரே விநாடியை நூறு முறை கேட்போம்; சலித்ததும் வால்யூமை ஏற்றுவோம். அப்படி ஏற்றத் தோன்றினால், அது பிரேக் எடுக்க வேண்டிய நேரம். இழந்த கேட்கும் திறனை எந்த ஆப்பாலும் மீட்டுத்தர முடியாது.

யார் கேட்பாங்க?

'இதை எல்லாம் யார் கேட்கப்போறா?' என்ற கேள்வி கண்டிப்பாக வரும். சில நேரம் வீட்டில் இருந்தே வரும். சரண்ஜித் சிங்கின் ஆல்பத்துக்கு 28 ஆண்டுகள் ஆயின. அகமதாபாத் டேப்புகளுக்கு அரை நூற்றாண்டு. உங்கள் 2 நிமிடத் துண்டை நான்கு பேர் கேட்டாலே போதும்.

அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. இந்த ஒரு வாரப் பயிற்சியைச் செய்தவருக்கு அதற்குப் பிறகு பாட்டு கேட்பது பழைய மாதிரி இருக்காது. 'இங்க எதை எடுத்துட்டாங்க? இந்த லூப் எத்தனை தட்டு?' என்று காது தானாகத் தேடும். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுகூட போர் அடிக்காது.

இன்றைக்கு ராத்திரி எல்லாரும் தூங்கியதும் ஹெட்போனை மாட்டாமல், கிச்சனுக்குப் போய் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது பாடும் சுருதிக்கு மெதுவாக ஒரு 'ம்ம்ம்' சேர்த்துப் பாருங்கள். இரண்டும் சேராமல் விலகி நிற்கும்போது காற்றில் ஒரு துடிப்பு கேட்கும். சரியாகச் சேர்ந்துவிட்டால் அந்தத் துடிப்பு அடங்கிவிடும். அந்த நொடியில் மொபைலில் ரெக்கார்டு பட்டனை அமுக்குங்கள். உங்கள் முதல் ட்ராக் ஆரம்பித்துவிட்டது.